ரத்தத்தின் ரகசியம் கண்ட கார்ல் லேண்ட்ஸ்டைனர்



உங்கள் பள்ளி அடையாள அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பெயர், வகுப்பு, முகவரி எல்லாம் இருக்கும். கூடவே ரத்த வகை என்று ஒரு வரியும் இருக்கும். சிலருக்கு ஓ பாசிட்டிவ், சிலருக்கு பி பாசிட்டிவ், சிலருக்கு ஏபி நெகட்டிவ் என்று எழுதியிருக்கும்.

ஒரே சிவப்பு நிறத்தில்தானே எல்லாருடைய ரத்தமும் இருக்கிறது? பிறகு எதற்கு இந்த ஏ, பி, ஓ? காரணம் இருக்கிறது. ஒருவருக்கு ஏற்றக் கூடாத வகை ரத்தத்தை ஏற்றிவிட்டால் அவர் உயிரே போய்விடலாம். 120 ஆண்டுகளுக்கு முன்பு வரை இது டாக்டர்களுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். எத்தனையோ கோடி உயிர்கள் பிழைக்கக் காரணமான அந்த மனிதரின் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறோம்.

ஆட்டு ரத்தமும் மனித ரத்தமும்

ரத்தம் குறைந்தவருக்கு வேறொருவர் ரத்தத்தைக் கொடுத்தால் என்ன என்ற யோசனை மிகப் பழையது. 1667-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு டாக்டர் ழான் பாப்டிஸ்ட் டெனி, காய்ச்சலில் வாடிய 15 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார். நல்ல வேளையாகச் சிறுவன் பிழைத்துக்கொண்டான். ஆனால், பிறகு அவரிடம் இதே சிகிச்சை பெற்ற ஒருவர் இறந்து போனார். பெரிய வழக்கே நடந்தது. பிரான்சில் ரத்தம் ஏற்றுவதற்குத் தடை வந்தது. அதன்பின் சுமார் 150 ஆண்டுகள் அந்தப் பேச்சே அடங்கிக் கிடந்தது.

1818-ஆம் ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற டாக்டர் மீண்டும் முயன்றார். பிரசவத்தின்போது ரத்தம் கொட்டி இறந்துபோகும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. மிருக ரத்தம் வேண்டாம், மனித ரத்தத்தையே கொடுப்போம் என்று முடிவு செய்தார். சிலர் பிழைத்தார்கள். சிலர் உடல் நடுங்கி, மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே டாக்டர், அதே ஊசி, அதே மாதிரி ரத்தம். ஒருவருக்கு அமுதமாக இருந்தது இன்னொருவருக்கு நஞ்சாகிவிட்டது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. இந்தப் புதிர் மேலும் 80 ஆண்டுகளுக்கு மேல் அவிழாமலேயே இருந்தது.

தந்தையை இழந்த சிறுவன்

கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி ஆஸ்திரியா நாட்டில் பிறந்தார். தந்தை லியோபோல்ட் லேண்ட்ஸ்டைனர் வியன்னா நகரில் பெயர் பெற்ற பத்திரிகையாளர். கார்லுக்கு 6 வயதானபோது தந்தை மாரடைப்பால் காலமானார். அதன்பிறகு தாய் ஃபேனிதான் மகனுக்கு எல்லாமாக இருந்து வளர்த்தார்.

கார்லும் தாய்மீது உயிரையே வைத்திருந்தார். 1908-இல் தாய் மறைந்த பிறகு, அவர் முகத்தை அச்செடுத்த வார்ப்பு ஒன்றைத் தன் அறைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டார். எந்த ஊருக்குக் குடிபோனாலும் அது அவருடன் சென்றது.

கார்ல் அதிகம் பேசாதவர். கூச்ச சுபாவம் உள்ளவர். பியானோ நன்றாக வாசிப்பார். வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1891-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

சர்க்கரை படித்த டாக்டர்

டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பார்கள். கார்ல் மறுபடியும் மாணவராகிவிட்டார்! உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள வேதியியல் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்தார். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்று பெரிய வேதியியல் அறிஞர்களிடம் பாடம் கேட்டார்.

அவர்களில் ஒருவர் எமில் ஃபிஷர். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்தார். சர்க்கரைகளைப் பற்றி அவரைப் போல அறிந்தவர் அன்று உலகில் இல்லை. நாம் காப்பியில் போடும் சர்க்கரை மட்டுமே சர்க்கரை என்று நினைத்துவிடாதீர்கள். பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ், நம் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், பாலில் உள்ள சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கேலக்டோஸ் என்று அது பெரிய குடும்பம். குளுக்கோசிலும் கேலக்டோசிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான். ஒரே ஓர் இடத்தில் சில அணுக்கள் திரும்பி நிற்கும் திசைதான் வேறு. இந்தச் சின்ன வேறுபாடுகளையெல்லாம் பிரித்துக் காட்டியவர் ஃபிஷர்.

பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல, உடம்பில் உள்ள ஒரு புரதம் தனக்குப் பொருந்தும் வடிவமுள்ள சர்க்கரையைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று 1894-இல் விளக்கியவரும் அவரே. ஃபிஷரும் லேண்ட்ஸ்டைனரும் சேர்ந்து, மிக எளிய சர்க்கரை போன்ற ஒரு பொருளைப் பற்றி 1892-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வேதியியலில் கிடைத்த இந்தப் பயிற்சி லேண்ட்ஸ்டைனருக்கு வாழ்நாள் முழுவதும் கைகொடுத்தது.

பிரேத அறையில் ஓர் ஆராய்ச்சியாளர்

வியன்னாவுக்குத் திரும்பிய லேண்ட்ஸ்டைனர், 1898 முதல் 1908 வரை பல்கலைக்கழகத்தின் நோய்க்கூறு இயல் துறையில் வேலை பார்த்தார். இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்து, என்ன நோயால் இறந்தார்கள் என்று கண்டுபிடிக்கும் துறை அது. அந்த ஆண்டுகளில் அவர் செய்த பிரேதப் பரிசோதனைகள் 3,600-க்கும் மேல். பகலெல்லாம் அந்த வேலை. கிடைத்த நேரத்தில் ரத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி.

அப்போது சில அறிஞர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் ரத்தத்துடன் கலந்தால், சில சமயம் அது கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்கிறது. பால் திரிந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி! ஏதோ நோய் இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைத்தார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

லேண்ட்ஸ்டைனர் விடவில்லை. நோயே இல்லாத மனிதர்களின் ரத்தத்திலும் இப்படி நடக்கிறதா என்று பார்த்தார். நடந்தது. 1900-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் இதைச் சிறியதாகக் குறிப்பிட்டார். அடிக்குறிப்பாக இருந்த அந்தச் செய்திதான் பிறகு உலகப் புகழ் பெற்றது.

ஆறு பேர், 36 சோதனைகள்

அடுத்து அவர் செய்த சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நோயாளிகளைத் தேடியும் அலையவில்லை. தன்னுடன் வேலை பார்த்தவர்களிடமே கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் வாங்கினார். தன் கையிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அவர் வெளியிட்ட ஒரு பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறாவது பெயர் லேண்ட்ஸ்டைனர்!

ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து அசையாமல் வைத்தால் அது உறையும். மேலே தெளிந்த மஞ்சள் நிற நீர் நிற்கும். அதன் பெயர் சீரம். சிவப்பணுக்களைத் தனியே பிரித்து உப்பு நீரில் கழுவி வைத்துக்கொள்ளலாம். லேண்ட்ஸ்டைனர் ஒவ்வொருவரின் சீரத்தையும் ஆறு பேரின் சிவப்பணுக்களுடனும் தனித்தனியாகக் கலந்தார். ஆறு பெருக்கல் ஆறு, மொத்தம் 36 கலவைகள். கட்டி சேர்ந்தால் கூட்டல் குறி, சேராவிட்டால் கழித்தல் குறி என்று கட்டம் போட்டு எழுதினார். நீங்கள் கணக்கு நோட்டில் போடுவதுபோன்ற கட்டம்தான்!

கட்டத்தைப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது.

முதலாவதாக, யாருடைய சீரமும் அவரவர் சிவப்பணுக்களைக் கட்டியாக்கவில்லை.

இரண்டாவதாக, நான்கு பேர் இரண்டு ஜோடிகளாகப் பிரிந்தார்கள். ஒரு ஜோடியின் சீரம் மறு ஜோடியின் சிவப்பணுக்களைக் கட்டியாக்கியது. தன் ஜோடியை ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஜோடிக்கு ஏ என்றும், மறு ஜோடிக்கு பி என்றும் பெயர் வைத்தார்.

மூன்றாவதாக, மீதி இரண்டு பேர் வித்தியாசமாக இருந்தார்கள். அவர்களின் சிவப்பணுக்களை எவருடைய சீரமும் கட்டியாக்கவில்லை. ஆனால், அவர்களின் சீரமோ ஏ, பி இரண்டையும் கட்டியாக்கியது. அவர்களுக்கு சி என்று பெயர் வைத்தார். இதைத்தான் நாம் இப்போது ஓ வகை என்கிறோம். லேண்ட்ஸ்டைனரும் அந்த வகையைச் சேர்ந்தவர்தான்.

1901-ஆம் ஆண்டு நவம்பரில் வியன்னா மருத்துவ இதழ் ஒன்றில் இந்தக் கட்டுரை வெளிவந்தது. ரத்தம் ஏற்றும்போது சிலர் பிழைப்பதற்கும் சிலர் இறப்பதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். சோதனைக் குழாயில் நடந்த அதே விபரீதம் நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் நடந்தால் என்ன ஆகும்? ஏற்றிய சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளும், உடையும். சிறுநீரகம் பழுதாகும். உயிர் போகும். பிளண்டெல்லின் நோயாளிகளில் சிலர் இறந்ததன் ரகசியம் இதுதான்.

ஏபி என்ற நான்காவது வகை மறு ஆண்டே கிடைத்தது. கண்டவர்கள் டெகாஸ்டெல்லோ, ஸ்டர்லி என்ற இரு டாக்டர்கள். இந்த ஸ்டர்லி வேறு யாருமில்லை. லேண்ட்ஸ்டைனரின் ஆறு பேர் பட்டியலில் இருந்தவர்களுள் ஒருவர்!

காத்திருந்த கண்டுபிடிப்பு

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வந்ததும் உலகமே கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை குழந்தைகளே! பல டாக்டர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1907-இல் நியூயார்க் நகரில் ரூபன் ஓட்டன்பெர்க் என்ற டாக்டர், கொடுப்பவர் ரத்தத்தையும் பெறுபவர் ரத்தத்தையும் முதலில் கலந்து பார்த்து, கட்டி சேராவிட்டால் மட்டுமே ஏற்றினார். நோயாளிகள் பிழைத்தார்கள்.

1914-இல் இன்னொரு வழி திறந்தது. சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் என்று கண்டார்கள். அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ரத்தத்தைப் புட்டிகளில் சேமித்து வைத்து, காயம்பட்ட வீரர்களுக்கு ஏற்றும் முறை அந்தப் போரின்போதுதான் தொடங்கியது. இன்றைய ரத்த வங்கிகளுக்கு அதுவே முன்னோடி.

போலியோவின் காரணம்

லேண்ட்ஸ்டைனர் ரத்தத்தோடு நின்றுவிடவில்லை. குழந்தைகளின் கால்களை முடக்கிப் போடும் போலியோ நோய்க்குக் காரணம் என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது. 1908-ஆம் ஆண்டு அந்த நோயால் ஒரு சிறுவன் இறந்தான். லேண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பர் என்ற டாக்டரும் அவனுடைய தண்டுவடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அரைத்து, குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். குரங்குகளுக்கும் அதே நோய் வந்தது. ஆக, அது ஒரு தொற்றுக் கிருமியால் வருகிறது என்று தெரிந்தது. மறு ஆண்டு பாரிஸ் நகரத்து லெவாடிட்டி என்ற அறிஞருடன் சேர்ந்து, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியிலும் புகுந்து வெளியேறும் நுண்ணிய வைரஸ்தான் அது என்று காட்டினார்.

பின்னாளில் போலியோ தடுப்பு மருந்து வருவதற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு படிக்கல். சின்ன வயதில் உங்கள் வாயில் சொட்டு மருந்து விட்டார்களே, நினைவிருக்கிறதா? 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது.

நாடு விட்டு நாடு

1916-இல், தமது 48-ஆவது வயதில், லேண்ட்ஸ்டைனர் ஹெலன் விளாஸ்டோ என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். ஆனால், அது போர்க்காலம். 1918-இல் போரில் தோற்ற ஆஸ்திரியா சீரழிந்து கிடந்தது. உணவில்லை, குளிர்காயக் கரியில்லை. ஆய்வுக்கூடம் நடத்தப் பணமும் இல்லை.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 1919-இல் குடும்பத்தோடு நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகருக்குச் சென்றார். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துத் தரும் அன்றாட வேலை. பெரிய அறிஞர் இப்படிப்பட்ட வேலையைச் செய்வதா என்று அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தச் சின்ன அறையிலேயே தம் ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். கட்டுரைகளும் எழுதினார்.

1922-இல் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேரச் சொன்னார்கள். லேண்ட்ஸ்டைனர் கடல் கடந்தார். வயது 50-ஐத் தாண்டிய பிறகு புதிய நாடு, புதிய மொழி, புதிய வாழ்க்கை!

புரதத்தின் கூர்மையான கண்

சீரத்தில் இருந்துகொண்டு சிவப்பணுக்களைக் கட்டியாக்குவது எது? அது ஒரு புரதம். எதிர்ப்பொருள் என்று உங்கள் அறிவியல் பாடத்தில் வரும். நம் உடம்புக்குள் அன்னியப் பொருள் வந்தால், அதைப் பிடிக்கும் காவல்காரன் அது. இந்தக் காவல்காரன் ஆளை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறான்? இதுதான் லேண்ட்ஸ்டைனரை ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்திய கேள்வி.

ஃபிஷரிடம் கற்ற வேதியியல் இங்கே உதவியது. தெரிந்த ஒரு சிறிய வேதிப்பொருளைப் புரதத்தோடு ஒட்டி, அதை முயலுக்குச் செலுத்துவார். முயலின் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கும். பிறகு அந்தச் சிறிய பொருளில் ஓர் அணுக்கூட்டத்தை மட்டும் இடம் மாற்றி வைத்து, எதிர்ப்பொருளிடம் காட்டுவார். அது ஏமாறாது! சில சமயம், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடம் வலம் மாறியிருக்கும் இரண்டு பொருள்களைக்கூடப் பிரித்து அறிந்தது.

அதே நிலையத்தில் ஏவரி, கோபெல் என்ற இரு அறிஞர்கள் 1929-இல் இந்த முறையைச் சர்க்கரைகளிடம் செய்து பார்த்தார்கள். புரதத்தில் குளுக்கோசை ஒட்டி ஒன்று, கேலக்டோசை ஒட்டி ஒன்று. இரண்டுக்கும் ஓரிடத்தில்தான் வேறுபாடு என்று முன்பே பார்த்தோம் அல்லவா? எதிர்ப்பொருள்கள் அந்த ஒரே வேறுபாட்டையும் கண்டுபிடித்துவிட்டன. சர்க்கரையின் வடிவத்தைப் புரதம் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறது, பாருங்கள்!

1930-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு லேண்ட்ஸ்டைனருக்குக் கிடைத்தது. ஆறு பேர் கட்டம் வெளிவந்து 29 ஆண்டுகள் கழித்து வந்த பரிசு அது. புகழ்ச்சி என்றாலே கூச்சப்படும் மனிதர் அவர். பரிசு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடமே கதி என்று இருந்தார். குதிரையின் உமிழ்நீரிலிருந்து ஏ வகைப் பொருளைப் பிரித்தெடுக்கப் பாடுபட்டார். அதில் சர்க்கரைகள் கலந்திருப்பதையும் கண்டார்.

பாசிட்டிவ், நெகட்டிவ் ஏன்?

1939-இல் பணி ஓய்வு வந்தது. ஆனால், ஆராய்ச்சிக்கு ஓய்வு ஏது? 1940-இல் அலெக்சாண்டர் வீனர் என்ற இளைய டாக்டருடன் சேர்ந்து இன்னொரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 72!

வட இந்தியாவில் நிறையக் காணப்படும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயலின் சீரத்தை மனித ரத்தத்துடன் கலந்தார்கள். நூறில் 85 பேரின் ரத்தம் கட்டி சேர்ந்தது. மீதிப் பேருடையது சேரவில்லை. குரங்கின் பெயரிலேயே இதற்கு ஆர்.எச். என்று பெயர் வைத்தார்கள். அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்.

தாய் நெகட்டிவாகவும் வயிற்றில் உள்ள குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கலாம். முன்பெல்லாம் இப்படி எத்தனையோ குழந்தைகள் இறந்தன. காரணம் தெரிந்ததால் பிற்காலத்தில் தடுப்பூசி வந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு ரத்த வகைப் பரிசோதனை செய்வது இதற்காகவும்தான்.

1943-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி. ஆய்வுக்கூடத்தில் கையில் பிப்பெட் குழாயுடன் வேலை செய்துகொண்டிருந்த லேண்ட்ஸ்டைனருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 26-ஆம் தேதி, தமது 75-ஆவது வயதில் அவர் காலமானார். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 300-க்கும் மேல்.

நுனியில் ஒரு சர்க்கரை

ஆனால், ஒரு கேள்வி மட்டும் மீதி இருந்தது. ஏ, பி, ஓ என்பவை உண்மையில் என்ன? அந்த வேறுபாடு எதில் இருக்கிறது?

லண்டனில் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வால்டர் மார்கன், வினிஃபிரட் வாட்கின்ஸ் என்ற அறிஞர்கள் 1950-களில் இதற்கு விடை கண்டார்கள். அவர்கள் உதவிக்கு எடுத்துக்கொண்ட பொருள்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்று விலாங்கு மீனின் சீரம். இன்னொன்று, நாம் கடையில் டபுள் பீன்ஸ் என்று வாங்குகிறோமே, அந்த மொச்சை இனத்தின் விதை! இந்த விதையில் உள்ள ஒரு புரதம், ஏ வகைச் சிவப்பணுக்களைப் பிடித்துக் கட்டியாக்கும். (பயறுகளின் சாற்றுக்கு இப்படி ஒரு சக்தி இருப்பதையும், அது விலங்குக்கு விலங்கு மாறுவதையும் லேண்ட்ஸ்டைனர் 1908 வாக்கிலேயே ஆராய்ந்திருந்தார்.)

சோதனை இதுதான். விதையின் சாற்றில் முதலில் ஒரு சர்க்கரையைக் கரைத்தார்கள். பிறகு சிவப்பணுக்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலான சர்க்கரைகளைப் போட்டபோது வழக்கம்போலக் கட்டி சேர்ந்தது. குறிப்பிட்ட ஒரு சர்க்கரையைப் போட்டபோது மட்டும் கட்டி சேரவில்லை! ஏன்? அந்தச் சர்க்கரை புரதத்தின் கைகளில் போய் உட்கார்ந்துகொண்டது. கை நிறைந்துவிட்டதால் சிவப்பணுவைப் பிடிக்க இடமில்லை. அப்படியானால், சிவப்பணுவின்மேல் புரதம் வழக்கமாகப் பிடித்துத் தொங்குவதும் அதே சர்க்கரையைத்தானே? எவ்வளவு அழகான யோசனை, பாருங்கள்!

இப்போது நமக்கு முழு விவரமும் தெரியும். நம் ஒவ்வொரு சிவப்பணுவின் மேலும் லட்சக்கணக்கான சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பாசிமணிகளைக் கோத்த சரம்போல, சர்க்கரைகளைக் கோத்த சரம். ஓ வகையினரின் சரத்தில் நுனிப் பக்கமாக ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை இருக்கும். அதோடு முடிந்தது. ஏ வகையினருக்கு அதே சரத்தில் இன்னும் ஒரு மணி கூடுதல். அதன் பெயர் என்-அசிட்டைல் கேலக்டோசமைன். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கேலக்டோசில் ஒரு சின்ன வால் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பி வகையினருக்குக் கூடுதலாக இருக்கும் மணி, வால் இல்லாத வெறும் கேலக்டோஸ். ஏபி வகையினரிடம் இரண்டு விதச் சரங்களும் இருக்கும்.

பிறந்து சில மாதங்களிலேயே நம் குடலில் கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றின் மேலும் இதுபோன்ற சர்க்கரைகள் உண்டு. நம்மிடம் இல்லாத சர்க்கரையைக் கண்டால் உடம்பு அதற்கு எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் முன்பின் ரத்தம் ஏற்றிக்கொள்ளாதவரின் சீரத்திலும் அந்தக் காவல்காரன் தயாராக நிற்கிறான்.

நம் நாட்டிலும் இதில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. 1952-இல் அன்றைய பம்பாய் நகரில் டாக்டர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் ஒரு புதுமையான ரத்தத்தைக் கண்டார்கள். பார்த்தால் ஓ போல இருந்தது. ஆனால், அதன் சீரம் ஓ வகைச் சிவப்பணுக்களையும் கட்டியாக்கியது! அவர்களுடைய சரத்தில் அந்த ஃபியூக்கோஸ் மணியே இல்லை. இதற்கு பம்பாய் வகை என்று பெயர். மிக அரிதான இந்த வகையினருக்கு, அதே வகையினரின் ரத்தம் மட்டுமே பொருந்தும்.

சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதைப் பற்றிய படிப்பு இன்று பெரிய துறையாக வளர்ந்திருக்கிறது. ஃப்ளூ காய்ச்சல் வைரஸ் நம் செல்களுக்குள் நுழைவதும் செல்லின் மேலுள்ள ஒரு சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான். செல்களின் மேலுள்ள சர்க்கரைகளை ஆராய வழி கண்ட கரோலின் பெர்டோசி என்ற பெண் விஞ்ஞானி, 2022-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

லேண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14-ஆம் தேதியை உலக ரத்ததான தினமாக 2004 முதல் உலகம் கொண்டாடி வருகிறது. ஆஸ்திரியா நாடு யூரோ நாணயத்துக்கு மாறும் முன்பு, தனது 1,000 ஷில்லிங் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டு மரியாதை செய்தது.

மற்றவர்கள் நோய் என்று சொல்லி ஒதுக்கிவிட்ட ஒரு சின்ன விஷயத்தை அவர் நின்று பார்த்தார். ஆறு பேரின் ரத்தம், சில குழாய்கள், ஒரு கட்டம். இவை போதுமானதாக இருந்தன. கவனமும் பொறுமையும் இருந்தால் சாதாரணப் பொருள்களை வைத்துக்கொண்டே பெரிய உண்மையைக் காணலாம்.

இன்னொன்றும் உண்டு, குழந்தைகளே! ரத்தத்தில் உள்ள வேறுபாடு நுனியில் நிற்கும் ஒரு சர்க்கரையில்தான் இருக்கிறது. அது சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, நாடும் பார்ப்பதில்லை. உங்கள் சொந்த அண்ணனின் ரத்தம் உங்களுக்குச் சேராமல் போகலாம். எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் ரத்தம் உங்களைக் காப்பாற்றலாம்.

நம் நாட்டில் 18 வயது நிரம்பிய, நல்ல உடல்நலம் உள்ளவர்கள் ரத்ததானம் செய்யலாம். உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை. ஆனால், அப்பா, அம்மா, மாமா, சித்தி ஆகியோரிடம் இந்தக் கதையைச் சொல்லலாம் அல்லவா? வீட்டில் உள்ள அனைவரின் ரத்த வகையையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆபத்து நேரத்தில் யாருக்காவது அது உதவும்.

தெரிந்துகொள்வோம்: யாருக்கு யார் ரத்தம் தரலாம்?

ஓ வகையினரின் சிவப்பணுக்கள்: ஓ, ஏ, பி, ஏபி ஆகிய நால்வருக்கும் பொருந்தும்.

ஏ வகை: ஏ, ஏபி ஆகியோருக்குப் பொருந்தும்.

பி வகை: பி, ஏபி ஆகியோருக்குப் பொருந்தும்.

ஏபி வகை: ஏபி வகையினருக்கு மட்டும் பொருந்தும்.

இதோடு ஆர்.எச். வகையும் பொருந்த வேண்டும். நெகட்டிவ் உள்ளவர்களுக்கு நெகட்டிவ் ரத்தமே நல்லது. எந்த வகையானாலும், இருவர் ரத்தத்தையும் கலந்து சோதித்துப் பார்த்த பிறகே மருத்துவமனையில் ஏற்றுவார்கள்.